ஒரு வரியில் ஒரு மலை

கண்டிச் சீமைத் தோட்டங்களில், விடியுமுன் எழும் தப்பொலி கேட்டு லயங்களை விட்டுப் புறப்பட்டுப் பிரட்டுக்களத்தில் வந்து நின்ற ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும், இந்த மலைக்கு இத்தனை பேர், அந்த மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்தனுப்பிவிட்டுக் கணக்கப்பிள்ளை தன் சிட்டில் குறித்துக்கொண்ட விவரம், பொழுது சாய்ந்த பின்பு தோட்டத்து ஆபீசில் ஒரு பெரிய ஏட்டில் ஏறும். அந்த ஏட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து நம் மலைகளின் நிறம் மாறியது எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். அந்தப் பச்சையின் பின்னே, ஆபீஸ் அலுமாரிகளுக்குள், மனிதர்களை வரிசைகளாகவும் நாட்களைப் பத்திகளாகவும் எழுதிக் கணக்கிட்ட ஒரு சாஸ்திரமும் வளர்ந்தது என்பதை நினைப்பவர் குறைவு. அந்தச் சாஸ்திரத்தை நினைவூட்டவும், கணினி உலகில் இன்று ஒரு விளையாட்டாகவும் வித்தையாகவும் பயிலப்படும் சுருக்கக் கணக்கெழுத்தோடு அதற்குள்ள உறவைக் காட்டவுமே இக்கட்டுரை.

செக்ரோல் ஏட்டின் ஒரு பக்கத்தை மனக்கண்முன் விரித்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பெயர்கள். ஒரு கங்காணியின் கூட்டம் முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். உச்சியில் 1 முதல் 31 வரை தேதிகள். பெயரும் தேதியும் சந்திக்கும் கட்டத்தில், நாள் முழுதும் உழைத்தவருக்கு ஒன்று, பாதியில் நிறுத்தப்பட்டவருக்கு அரை, வராதவருக்கு வெறுமை. இந்த ஒன்றுக்குத் தோட்டத்தில் 'பேர்' என்பதே பெயர், அரைக்கு 'அரைப்பேர்'. மலையகத்துப் பேச்சில் ஒருவர் தமக்கு இம்மாதம் இருபத்திரண்டு பேர் என்று சொன்னால், இருபத்திரண்டு நாட் கூலி எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். மனிதனின் பெயரே அவனுடைய நாளுக்கும் நாளின் பெறுமதிக்கும் பெயராகிவிட்ட இந்தச் சொற்பிரயோகத்தை அகராதிக்காரர்கள் இன்னும் தக்கவாறு கவனிக்கவில்லை என்பது என் துணிபு.

மாதக் கடைசியில் கிளாக்கர் செய்யும் வேலை இரண்டு வகைக் கூட்டல். ஒவ்வொரு வரிசையையும் குறுக்கே கூட்டினால் ஆளுக்கு எத்தனை பேர் என்பது கிடைக்கும், அதிலிருந்து கூலி. ஒவ்வொரு பத்தியையும் கீழ்நோக்கிக் கூட்டினால் அந்தந்த நாளில் மலைக்கு இறங்கிய ஆள்பலம் கிடைக்கும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குச் சேர்ந்த தலைக்காசுக்கு அதுவே ஆதாரம். குறுக்குக் கூட்டல்களின் மொத்தமும் நெடுக்குக் கூட்டல்களின் மொத்தமும் பக்கத்தின் வலது கீழ்மூலையில் ஒரே எண்ணாக வந்து சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லையென்றால், எங்கேயோ ஓர் அரைப்பேர் தவறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கும்வரை விளக்கு அணையாது. நூறு பெயரும் முப்பது நாளுமாக மூவாயிரம் கட்டங்களைத் தாங்கிய ஒரு பக்கத்தின் உண்மை முழுவதும் அந்த ஒரு மூலையில் வந்து நிற்கிறது.

இனி, கடல்கடந்து சிறிது தூரம் செல்வோம். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் 1920-இல் பிறந்த கென்னத் ஐவர்சன், 1950-களின் பிற்பகுதியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தரவுக் கணக்கீட்டைப் போதித்துக்கொண்டிருந்தபோது, வழக்கமான கணிதக் குறியீடு கணினி வேலையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டப் போதாது என்பதை உணர்ந்தார். ஒவ்வோர் எண்ணாக எடுத்து, அதை ஓரிடத்தில் சேர்த்து, அடுத்ததற்குப் போ என்று படிப்படியாகச் சொல்லும் முறையை விடுத்து, வரிசை முழுவதையும் ஒரே பொருளாகக் கருதி அதன்மேல் ஒரே குறியால் ஆணையிடும் ஒரு குறியீட்டை அவர் இயற்றினார். 1962-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே அக்குறியீட்டுக்கும் பெயராயிற்று; அந்தப் பெயரின் மூன்று முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏபிஎல் என்றார்கள். ஆதியில் அது மனிதர் மனிதருக்கு எழுதிக்காட்டிய எழுத்துத்தான். இயந்திரத்தை நினையாமலே பிறந்த ஒரு செய்நிரல் மொழி இது. 1966 அளவில் ஐபிஎம் நிறுவனத்தில் ஐவர்சனும் ஆடின் ஃபால்காஃபும் லாரி பிரீட் முதலிய இளைஞர்களும் அதை 360 வரிசைக் கணினியில் இயங்க வைத்தார்கள். அதன் விசேஷக் குறிகளை அச்சிடத் தட்டச்சு இயந்திரத்துக்குத் தனி எழுத்துருண்டையே வார்க்க வேண்டியதாயிற்று.

அந்த மொழியில் +/ என்று இரண்டு குறிகள் எழுதினால், வரும் வரிசையின் உறுப்புக்கள் எல்லாவற்றுக்கும் நடுவே கூட்டற்குறியை இட்டுக் கூட்டு என்று பொருள். அதே கோட்டுக்கு முன்னால் × வைத்தால் எல்லாவற்றையும் பெருக்கும். ⌈ வைத்தால் எல்லாவற்றினும் பெரியதைத் தெரிந்து தரும். ஒரு செக்ரோல் பக்கத்தை, நம் பாடசாலைக் கணித நூல்கள் தாயம் என்று வழங்கும் உருவில், அந்த மொழிக்குக் கொடுத்து +/ என்றால் குறுக்குக் கூட்டல் எல்லாம் ஒருசேர வந்துவிடும்; கோட்டின்மேல் ஒரு சிறு கிடைக்கோடு சேர்த்து +⌿ என்றால் நெடுக்குக் கூட்டல். கிளாக்கர் இரண்டு இரவு விழித்துச் செய்ததை இரண்டு இரண்டு குறிகளில் எழுதிவிடலாம் என்பது வியப்புக்குரியது என்றாலும், எனக்கு அதனினும் வியப்பாகத் தோன்றுவது வேறொன்று: குறுக்கு, நெடுக்கு என்ற அந்த இரு பார்வைகளையும் வேறுபடுத்தி, இரண்டும் ஒரே மூலையில் சந்திக்க வேண்டும் என்ற விதியையும் தம் தொழிலறிவால் கண்டு வைத்திருந்தவர் அந்தக் கிளாக்கர்.

கூலியை எடுத்துக்கொள்வோம். 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து 1929-இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, நடுத்தர உயரத்து மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். ஒரு நாளில் நாற்பது ஆண்களும் ஐம்பத்தைந்து பெண்களும் பன்னிரண்டு பிள்ளைகளும் மலைக்கு இறங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால், 40-ஐ 52-ஆலும், 55-ஐ 41-ஆலும், 12-ஐ 31-ஆலும் பெருக்கி, 2080, 2255, 372 என்று வரும் மூன்றையும் கூட்டினால் 4707 சதம், அதாவது 47 ரூபாய் 7 சதம். பெருக்கிக் கூட்டும் இந்தச் செயல் முழுவதற்கும் ஐவர்சன் வகுத்த குறி +.× என்பது. கூட்டல் ஒரு பக்கம், பெருக்கல் ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளி. அக்குறியின் இடப்புறத்தில் ஆள்களையும் வலப்புறத்தில் சதங்களையும் வைத்துவிட்டால் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சுருக்கமாக எழுத முடியும் என்று கண்ட பின்பு, யார் மிகச் சுருக்கமாக எழுதுவார் என்ற போட்டி பிறப்பது மனித சுபாவம். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணாக்கர்கள், ஓர் எண்ணைத் தசம வடிவில் அச்சிடும் சிறு செய்நிரலை ஐம்பதுக்கும் குறைவான கட்டளைகளில் எழுத முடியுமா என்று இரவு பகலாக முயன்றதும், ஒருவர் அதை 46 கட்டளைகளில் முடித்துக் காட்டியதும் அவர்கள் வட்டாரத்தில் வீரகதையாக நிலைத்துவிட்டன. பின்பு 1990-களில் பேர்ல் மொழிக்காரர்கள் இப்போட்டிக்குக் கோல்ஃப் என்று நாமகரணம் செய்தார்கள். கோல்ஃப் ஆட்டத்தில் மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்த்தவரே வென்றவர். இங்கே மிகக் குறைந்த எழுத்துக்களில் கணக்கை முடித்தவர் வென்றவர். நுவரெலியாவில் 1889-இல் கழகம் அமைத்துத் துரைமார் ஆடிய அந்த ஆட்டத்தின் தடிப்பைகளைச் சுமந்து புல்வெளியில் பின்தொடர்ந்தவர்கள் பெரும்பாலும் நம் மக்களே. எழுத்தால் ஆடும் இந்தக் கோல்ஃபுக்கு நிலமும் தடியும் வேண்டாம். ஒரு கணினியும் பொறுமையும் உள்ள எவரும் ஆடலாம்.

இந்த ஆட்டத்தில் ஐவர்சனின் வரிசை மொழிகளுக்கு இயல்பாகவே ஒரு மேன்மை உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் எல்லைவரையுள்ள முதன்மை எண்களையெல்லாம், தமிழ்நாட்டார் பகா எண்கள் என்பவற்றை, எழுதுக என்பது புதிர். சாதாரணமாகச் செய்பவர் ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, அதற்கு முன்னுள்ள எண்களால் வகுத்துப் பார்த்து, மீதி வராவிட்டால் தள்ளிக்கொண்டே போவார். ஏபிஎல்லில் வல்லவர் வேறுவிதமாகச் சிந்திக்கிறார். 2 முதல் 10 வரையுள்ள எண்களை ஒரு வரிசையாக எழுதுகிறார். அந்த வரிசையை அதே வரிசையால் பெருக்கி, நாம் திண்ணைப் பள்ளியில் மனனம் செய்த பெருக்கல் வாய்பாடு போன்ற ஒரு கட்டத்தை உண்டாக்குகிறார். அந்த வாய்பாட்டில் இடம்பெற்ற 4, 6, 8, 9, 10 ஆகியவற்றை வரிசையிலிருந்து நீக்குகிறார். எஞ்சுபவை 2, 3, 5, 7. வாய்பாட்டில் அகப்படாத எண்ணே முதன்மை எண் என்ற இந்த எண்ணம் முழுவதும் அம்மொழியில் 17 குறிகளில் அடங்கிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது இலக்கணமும் உரையும் சேர்ந்த ஒரு சூத்திரம். ஆனால் எழுத்தில் உள்ள சிக்கனம் உழைப்பில் இல்லை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும்: எல்லையை 1000 என்று வைத்தால், அந்த 17 குறிகளுக்காகக் கணினி 999-ஐ 999-ஆல் பெருக்கிய தொகை, அதாவது 9,98,001 பெருக்கல்களைச் செய்ய நேரிடும். சொல்பவர் சுருக்கிச் சொன்னதன் பாரத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்பது இங்கேயும் உண்மை.

ஐவர்சன் 1979-இல் கணினித் துறையின் உயர்ந்த விருதாகிய டியூரிங் பரிசைப் பெற்றபோது, குறியீடு என்பது சிந்தனையின் கருவி என்பதையே தம் பேருரையின் பொருளாகக் கொண்டார். பின்பு 1990-இல் ரோஜர் ஹூயியோடு சேர்ந்து, விசேஷக் குறிகளை விடுத்துச் சாதாரணத் தட்டச்சுப் பலகையில் உள்ள குறிகளாலேயே எழுதத்தக்க ஜே என்ற மொழியை அமைத்தார். அதில் சராசரி காண்பதற்கு எழுதவேண்டியது +/%# என்ற நான்கு குறிகள் மாத்திரமே: தொகை, வகுத்தல், எண்ணிக்கை. சராசரிக்கு நாம் வாயால் சொல்லும் இலக்கணமே, வார்த்தைகள் உதிர்ந்து, எலும்பாக நிற்கிறது. ஆர்தர் விட்னி 1990-களில் இயற்றிய கே மொழி இதன் தம்பி. அது பணச்சந்தைக் கணக்குகளுக்குப் பெரிதும் பயன்படலாயிற்று.

போட்டிக்காரர்கள் முதலில் எழுத்துக்களை எண்ணினார்கள். பிறகு, எழுத்தைக் கணினி சேமிக்கும் அலகாகிய பைட்டுக்களை எண்ணலாயினர். இந்த மாற்றம் நமக்கு நேராகச் சம்பந்தமுடையது. இன்று உலகெங்கும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்தும் சாதாரண இலக்கமும் ஒரு பைட். ஏபிஎல்லின் குறிகளிற் பல மூன்று பைட். நம் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் சிங்கள எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று மூன்று பைட். பழந்தமிழ்க் கணக்கில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டல்லவா? ஆயிரத்தை நான்கு இலக்கங்களாக எழுதினால் நான்கு பைட். ௲ என்று எழுதினால் மூன்றே பைட், ஒன்று மிச்சம். நூற்றில் இரண்டும் சமம். பத்தில் நமக்கு ஒரு பைட் நட்டம். 1815 என்ற ஆண்டையோ ௲௮௱௰௫ என்று ஐந்து குறிகளாக எழுதவேண்டும், பதினைந்து பைட். பூச்சியத்தின் பெருமையை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில், மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீவிக்கிரமராஜசிங்கனை அரியணையிலிருந்து நீக்கி, மலைநாட்டை ஆங்கிலேயர் வசம் ஒப்புவித்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டதே, அதன் சிங்களப் பாகத்தில் ஷரத்துக்களுக்கு இட்ட எண்கள் 'சிங்கள இலக்கம்' என்ற பழைய முறையைச் சேர்ந்தவை. அம்முறையிலும் பூச்சியம் இல்லை. பத்துக்கு ஒரு குறி, இருபதுக்கு ஒரு குறி, நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் வேறு குறிகள் என்று, தமிழ் இலக்கத்தின் உடன்பிறப்பாகவே அது நிற்கிறது. ஒரு ராஜ்யத்தின் முடிவை எண்ணிட்டுச் சொன்ன அந்த இலக்கங்கள், பின்னர் வழக்கொழிந்து, இரு நூற்றாண்டுக்குப் பின்பு 2014-இல் யூனிகோட் என்னும் உலக எழுத்து அட்டவணையில் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் அங்கே நான்கு பைட்.

சுருக்கத்தைக் கணக்கின் உயிராகக் கொண்ட மரபு நம்மிடையே செக்ரோலுக்கும் மிகப் பழமையானது. தோட்டத்துக் கோயில் முதல் கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வரை, திதியும் நட்சத்திரமும் பார்க்க நாம் கையிலெடுக்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயரிலேயே அம்மரபு அடங்கியிருக்கிறது. வரருசி செய்தவை என்று பாரம்பரியம் கூறும் 248 சந்திர வாக்கியங்கள், ஒவ்வொன்றும் சிற்சில அசைகளே கொண்டவை. ஒவ்வோர் அசைக்கும் ஓர் எண்மதிப்பு வகுத்துள்ள கடபயாதி முறைப்படி படித்தால், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளின் சந்திரநிலையைத் தரும். 248 என்ற எண் ஏன்? சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து மீண்டும் அண்மைக்கு வரும் காலம் ஏறக்குறைய இருபத்தேழரை நாள். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாளில் மிகத் துல்லியமாக முடிவடைகின்றன. ஆகவே அத்தனை நாட்களுக்கு மனனம் செய்துவிட்டால், பிறகு வரும் காலம் முழுவதற்கும் அதையே உரிய திருத்தத்தோடு சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். ஆகாயத்தின் முடிவில்லாத இயக்கத்தை மனிதன் நாவில் அடங்கும் அளவுக்கு ஒடுக்கிய உபாயம் இது.

இது வெறும் ஏட்டுப் பெருமை என்று எண்ணுபவருக்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஒருகாலத்தில் வகித்த ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட காலசங்கலித நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே, அவ்வாண்டு மே 31-ஆம் தேதி இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் நான்கு நிமிஷம், நடுவில் இருபத்துமூன்று நிமிஷம், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிஷம்: அந்தக் கணிதத்தின் பிழை இவ்வளவே. கணித சரித்திரத்தில் பெரும் புலவரான ஆட்டோ நாய்கெபாவர் 1952-இல் இதை ஆராய்ந்து தனிக்கட்டுரை எழுதினார். அந்தக் கணிதருக்குக் கிரகங்களின் சித்தாந்தம் தெரியாது என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சோழியும் வாக்கியமும் ஒரு செய்நிரல். அதைப் பிழையின்றி இயக்கியவர் அவர்.

சுருக்கம் எங்கே அழகு, எங்கே குற்றம் என்பதை நம் இலக்கணக்காரர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும்போது முதலில் வைப்பது சுருங்கச் சொல்லல். அடுத்து வைப்பது விளங்க வைத்தல். பத்துக் குற்றங்களை எண்ணும்போது முதலில் வைப்பது குன்றக் கூறல். ஒன்றையே இரண்டு பட்டியலின் தலையிலும் வைத்த அந்த நுட்பத்தை, எழுத்தைக் குறைக்கும் போட்டியில் இறங்கும் ஒவ்வோர் இளைஞரும் சிந்திக்க வேண்டும். 17 குறிகளில் எழுதிய முதன்மை எண் சூத்திரம் சுருங்கச் சொல்லலைச் சேர்ந்தது. பொருளில் ஒன்றும் விடுபடவில்லை, எண்ணத்தின் வழியும் தெளிவாக இருக்கிறது. போட்டிக்கென்றே இயற்றப்பட்ட கோல்ஃப் மொழிகளில், ஏற்கெனவே புகழ்பெற்ற புதிர்களுக்கு ஒற்றை எழுத்தில் விடை வருமாறு முன்கூட்டியே ஆணைகளைப் பொதிந்து வைப்பதை நான் அவ்வளவு உயர்வாக மதிப்பதில்லை. விடை அங்கே எழுதுபவருடைய சிந்தனையிலிருந்து வரவில்லை. மொழியைச் செய்தவருடைய பெட்டியிலிருந்து வருகிறது.

குன்றக் கூறலுக்கு உதாரணமும் நம் தோட்டங்களிலேயே உண்டு. துண்டு என்று ஒரு காகிதம் வழங்கிற்று: இந்தக் கங்காணியின் ஆள்களை, இவ்வளவு தொகை கட்டினால், விடுவிக்கலாம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு. பல குடும்பங்களின் கடனும், அக்கடனால் கட்டுண்ட அவர்களுடைய போக்குவரவும் அந்தச் சில வரிகளில் அடங்கி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறின. கடன் எப்படி வந்தது, யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பியாயிற்று என்பதெல்லாம் அதில் இல்லை. 1921-இல் சட்டம் அதை ஒழித்தது. செக்ரோலிலும் அப்படியே: ஒரு கட்டத்தில் ½ என்று விழுந்த குறியைப் பார்த்தால், கொழுந்து நிறை குறைந்ததாலா, மழையாலா, கைக்குழந்தையின் காய்ச்சலாலா என்பதை எந்தக் கூட்டலும் சொல்லாது. மூலையில் கணக்குச் சரியாகச் சந்தித்தது என்பதனால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது என்று ஆகிவிடாது. வரிசை முழுவதையும் ஒரே பொருளாகப் பார்க்கும் கண்ணுக்கு அசாதாரண வலிமை உண்டு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் அது பார்ப்பதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே அறிந்துகொண்டு இந்தக் கலையைப் பயில வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

மகாவலிக் கரையில் பேராதனையில் இன்று பொறியியல் மாணாக்கர்கள் இரவு முழுவதும் விழித்துச் செய்நிரற் புதிர்களை விடுவிக்கும் போட்டிகளை நடத்துகிறார்கள். லயத்தில் பிறந்து அங்கே வந்து படிப்பவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் பாட்டிமாரின் பேர்கள் எழுதப்பட்ட ஏடுகள், ஆபீசுகள் கைமாறியபோதும் கூரை ஒழுகியபோதும் கவனிப்பாரற்று அழிந்துகொண்டிருக்கின்றன. அந்த மாணாக்கர்களுக்கு நான் செய்துகொள்ளும் வேண்டுகோள் ஒன்று: ஊருக்குப் போகும்போது பழைய செக்ரோல் ஏடு ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் ஒரு மாதப் பக்கத்தை அப்படியே கணினியில் ஏற்றி, +/ என்று எழுதிக் குறுக்கே கூட்டிப் பாருங்கள், மூலை சந்திக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு இடப்பக்கத்துப் பெயர்களை, ஒன்று விடாமல், வாய்விட்டு வாசியுங்கள். ஏட்டைப் பழைய கடதாசிக்காரனிடம் போட்டுவிடாமல் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படையுங்கள்.